மிதவையில் கட்டிய வள்ளமும் இரண்டு கம்பைலர்களும்

எங்கள் அலுவலகம் திருகோணமலை நகரில், பஸ் நிலையத்திலிருந்து துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மூன்று கதிரை, மூன்று கணினி, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு ஏசி. மீன்பிடி வள்ளங்களில் பூட்டிய கருவிகள், வள்ளம் நிற்கும் இடத்தை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றைத் தரவுத்தளத்தில் சேர்த்து, மீன்பிடிக்கத் தடையுள்ள பவளப்பாறைப் பகுதிக்குள் எந்த வள்ளம் போனது என்று மாதம் ஒருமுறை மீன்பிடித் திணைக்களத்துக்குப் பட்டியல் கொடுப்பது எங்கள் வேலை. பட்டியலில் வந்தவருக்குக் கடிதம் போகும், பெர்மிட் நிறுத்தப்படும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் பட்டியலுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை.

என்னுடைய கவலை வேகம். பட்டியல் எடுக்க அரை நாள் பிடித்தது. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. அந்தத் தரவுத்தளத்தில் ஒரு வசதி உண்டு. எல்லா வள்ளங்களையும் ஒன்றாகக் கேட்பதுபோல் பெரிய கேள்வி ஒன்று வந்தால், அதற்கு வேண்டிய நிரலை அந்த இடத்திலேயே, அந்தக் கணினிக்கென்றே, புதிதாக இயந்திர மொழிக்கு மாற்றி ஓட்டும். சின்னக் கேள்விக்கு அந்தச் சிரமம் எடுக்காது. முன்பே மாற்றி வைத்ததையே ஓட்டும். இப்படி மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். முன்பே மாற்றி வைத்தது ஒரு கம்பைலரின் வேலை. ஓடும்போது மாற்றுவது வேறொரு கம்பைலரின் வேலை. இரண்டையும் கலந்தால் கவனம் வேண்டும் என்று வாசித்திருந்தேன். ஊரெல்லாம் கலக்கிறார்கள், எனக்கு மட்டும் என்ன வரப்போகிறது என்று அந்த வசதியை இயக்கி நானும் கலந்தேன். அரை நாள் சில நிமிடங்களாகச் சுருங்கியது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்படி எடுத்த முதல் பட்டியலுக்குப் பிறகு இறக்கக்கண்டியிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சேர்ட், கையில் அந்தக் கடிதம்.

“பிள்ளை, நான் உள்ளுக்குப் போகேல்லை. மிதவையில வள்ளத்தைக் கட்டிப்போட்டு இருந்தனான். அவ்வளவுதான்.”

“எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம் ஐயா,” என்றேன். பட்டியலைத் திரையில் காட்டினேன். “மெஷினுக்கு உங்களோட என்ன கோவம்?”

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். “அப்ப நான்தான் கவனிக்காம உள்ளுக்கு விட்டிட்டனோ?” என்று என்னிடமே கேட்டார்.

“இருக்கலாம்,” என்றேன்.

தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் தடை ஒரு மாதம். மறுத்தால் விசாரணை முடியும்வரை வள்ளம் கரையில்தான். கடல் அமைதியாகக் கிடந்த, நல்ல மீன்படும் காலம் அது. என் மேசையில் வைத்து, என் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நான் தேநீர் குடிக்கப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து, கோப்பில் வைக்க அவருடைய வள்ளத்தின் தரவை மட்டும் தனியாக அனுப்பும்படி திணைக்களத்தில் கேட்டார்கள். எடுத்தேன். அந்த வள்ளம் ஒருமுறைகூட உள்ளே போகவில்லை என்று வந்தது. எல்லா வள்ளங்களையும் சேர்த்துக் கேட்டேன்; உள்ளே போனதாக வந்தது. தனியாகக் கேட்டேன், போகவில்லை. கணினியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு பட்டியலில் இருந்த ஆறு வள்ளங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறும் நின்றது ஒரே இடத்தில், இலக்கம் பிசகாமல்.

நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடும் அலுவலகப் பொறுப்பாளர் கிண்ணியாக்காரர். அவரிடம் காட்டியதும் சிரித்துவிட்டார்.

“அது மிதவைதானே! அங்கால நங்கூரம் போட ஏலா, கல்லுல மாட்டிக்கும். வலையப் போட்டுட்டு எல்லாரும் மிதவையிலதான் கட்டிக்கிட்டு இருப்பாங்க. இது தெரியாதா உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. கடலிலிருந்து ஐந்தாவது தெருவில் பிறந்து வளர்ந்தவள் நான்.

நாங்கள் வரைந்த எல்லைக்கோட்டின் ஒரு முனை, எல்லை காட்டக் கடலில் மிதக்கவிட்ட அந்த மிதவை. கோட்டின் மேல் நின்றால் வெளியே நிற்பதாகத்தான் விதி. கருவி இலக்கங்களைக் கொஞ்சம் வெட்டி அனுப்புவதால், மிதவையில் கட்டிய வள்ளம் சரியாக அந்த முனையில், கோட்டின் மேல் நிற்கும். உள்ளேயா வெளியேயா என்று பார்க்க நான் எழுதிய நிரல் இரண்டு பெருக்கல்களைச் செய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். முனையில் நின்றால் இரண்டும் ஒரே பெருக்கல், விடை பூச்சியம். ஒரு வள்ளத்தைத் தனியாகக் கேட்டபோது ஓடிய முதல் கம்பைலரின் நிரல், இரண்டு விடைகளின் கடைசித் தசம இலக்கங்களையும் ஒரே மாதிரி நறுக்கிவிட்டுக் கழித்தது. பூச்சியம் வந்தது. எல்லா வள்ளங்களையும் கேட்டபோது ஓடிய மற்றது வேகத்துக்காக, ஒரு பெருக்கலையும் கழித்தலையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்தது. அதனால் ஒன்று நறுக்கப்பட்டது, மற்றது முழுதாக நின்றது, பூச்சியத்துக்குப் பதில் ஒரு துணுக்கு மிஞ்சியது. அந்தத் துணுக்கு ஆறு வள்ளங்களைத் தடைப் பகுதிக்குள் தள்ளியிருந்தது.

இரண்டு கம்பைலர்களுக்கும் அப்படிச் சேர்க்கவேண்டாம் என்று சொல்லி நிரலை மறுபடி கட்டினேன். ஒரு காலை வேலை.

“மெஷின் பிழையத் திருத்தலாம்,” என்றார் சேர். “அந்த மனிசன் போனேன் எண்டு கையெழுத்துப் போட்டிருக்காரே. தொழில்நுட்பக் கோளாறு எண்டு ஒரு கடிதம் எழுதுவமா?”

“கோளாறு இல்லை சேர். நான் பார்க்காமல் விட்டது,” என்றேன். அப்படியே எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. பெர்மிட்டுகள் திரும்பிவர மூன்று நாள் ஆனது.

ஆறு பேருக்கும் நானே தொலைபேசி எடுத்தேன். ஒருவர் நன்றாகத் திட்டினார், கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு பேர் சரி என்று வைத்துவிட்டார்கள். இறக்கக்கண்டிக்காரருக்குக் கடைசியாக எடுத்தேன்.

“அப்ப நான் உள்ளுக்குப் போகேல்லையா?”

“இல்லை ஐயா. நீங்கள் வெளியிலதான் நிண்டனீங்கள். பிழை என்னில.”

கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

“கண் பழுதாப் போச்சு எண்டெல்லோ நினைச்சனான்,” என்றார். “இனி வள்ளம் ஓட்டமாட்டன் எண்டு தம்பியிட்டக் குடுத்திட்டன்.”

“உங்கட கண்ணில ஒரு பிழையுமில்லை ஐயா,” என்றேன்.

“பிள்ளை, இன்னொருக்காச் சொல்லுங்கோ. ஸ்பீக்கரில போடுறன். தம்பியும் கேக்கட்டும்.”

சொன்னேன். விளங்கவில்லை என்றார் தம்பி. திரும்பவும் சொன்னேன்.