பூப் பறிக்காத மார்கழி

இன்று காலை எதிர்வீட்டுக் கோலத்தின் நடுவே இருந்த பூசணிப்பூவின் பச்சை வாசம் என்னை தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பத்தில் நாங்கள் இருந்த மூங்கில் தட்டிக் குடிசைக்குக் கொண்டுபோயிற்று. குடிசைகளுக்குப் பின்னால் அப்போது ஆவாரையும் புங்கும் காரையும் ஈச்சையும் பின்னிக்கிடந்த காடு ஒன்று இருந்தது. ஒன்று பூத்து ஓயும்போது மற்றொன்று பூத்ததால் அங்கே தேனீக்களின் இரைச்சல் ஆண்டு முழுவதும் அடங்கியதில்லை, எங்கள் கூரைமேல் படர்ந்த பூசணிக்கொடி வரை அது நீண்டிருந்தது. சுரங்கத்துப் பாய்லர்கள் அந்தக் காட்டை விறகாகத் தின்று தீர்த்தன, தேனீக்களும் போயின. அதன்பின் கொடி பூத்தது, பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

அப்பா சுரங்கத்தின் இறங்குகுழியான ஷாப்டில் கால் நசுங்கிப் படுத்திருந்த ஆண்டு அது. அந்தக் காய்களை நம்பித்தான் அம்மா உலை வைத்தாள். தண்ணீர் ஊற்றியும் சாம்பல் தூவியும் பலனில்லாமல், மார்கழிக் கோலத்துக்குக்கூட ஒரு பூவைப் பறிக்க அவள் விடவில்லை.

“இன்னாக்கா, இந்த வருசம் மொட்டைக் கோலமா?” என்று பக்கத்துக் குடிசை முனியம்மா சிரித்தாள்.

“பூவைப் பறிச்சிட்டா காய் இன்னா ஆகாசத்துலயா காய்க்கும்? போடி” என்றாள் அம்மா.

பின்னாளில் சென்னையில் தாவரவியல் படித்தபோதுதான், தேனீ இல்லாத இடத்தில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் ஒற்றினால் பூசணி காய்க்கும் என்று அறிந்தேன். பறிக்க வேண்டிய பூக்களைத்தான் அம்மா அத்தனை நாளும் பறிக்காமல் காத்து வந்திருக்கிறாள். வெட்டுண்ட காட்டின் வேலையை எந்த விரலாலும் செய்து முடிக்க இயலாது; ஆனால் அவளுக்கு ஒரு கொடி காய்த்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அது எனக்குத் தெரிந்தபோது அவள் இல்லை.