கட்டிலில் ஆள் இருக்கும்போது

எங்கள் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் பிரிவில் அவரை எல்லோரும் கம்பி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். சுவருக்குச் சுவர் கேபிள் இழுக்கிற ஆளாக உள்ளே வந்தவர். காலம் வயர்லெஸ்ஸுக்கு மாறியது, அவரும் மாறினார், பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. "கம்பியே இல்லாத வேலைக்குக் கம்பின்னு ஒரு ஆளு" என்று மேலாளர் கிண்டலடிப்பார். அண்ணன் முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பாராம். நான் சேர்ந்தபோது அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

காரணத்தை அவரே ஒருநாள் சொன்னார். பழைய வார்டில் நோயாளிகளின் மணிக்கட்டில் அழைப்புப் பொத்தான் ஒன்று கட்டியிருக்கும். அழுத்தினால், கூரையில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டி சிக்னலை வாங்கி நர்ஸ் மேசைக்கு அனுப்பும். வார்டு திறப்பதற்கு முன் அண்ணன் மடிக்கணினியைக் கையில் ஏந்தி மூலைமூலையாக நடந்து சிக்னலை அளந்தார். வரைபடம் முழுக்கப் பச்சை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டார். அவர் அளந்தபோது கட்டில்கள் காலி.

மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீர் இந்த சிக்னல் அலைகளைக் குடித்துவிடும். ஒருநாள் பார்வையாளர் நேரத்தில், பக்கத்துக் கட்டில்களைச் சுற்றிச் சொந்தபந்தங்கள் கூடியிருந்தபோது, மூலைக் கட்டிலில் இருந்த ஓர் அம்மா பொத்தானை அழுத்தினார். அவரைப் பார்க்க அன்று யாரும் வரவில்லை. அழைப்பு போய்ச் சேரவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தானே எழுந்து கழிவறைக்குப் போனவர், கதவருகே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பிறகு நடக்கவே இல்லை.

விசாரணையில் பேட்டரிக் கோளாறு என்று எழுதி மூடிவிட்டார்கள். அண்ணன் மறுநாள் அதே நேரத்தில் போய் அளந்து பார்த்துவிட்டு, பேட்டரி காரணமில்லை என்று மேலாளரிடம் சொன்னார். "முடிஞ்சதைக் கிளறாதப்பா" என்று பதில் வந்தது. அந்த மூலைக்கு இன்னொரு பெட்டியை மாட்டிவிட்டு, அதோடு கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது புதுக் கட்டடம் எழுந்துவிட்டது. வயர்லெஸ் நெட்வொர்க்கில் உயர்நிலைச் சான்றிதழ் பெற்றவர் ஒப்பமிட்டால்தான் வார்டைத் திறக்கலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அந்தத் தேர்வை எழுதத் தேவையான அனுபவம் எங்களில் அண்ணனுக்கு மட்டும்தான். ஒருமுறை எழுதித் தோற்றிருந்தார். இன்னொரு முறை தோற்றால் வெளியிலிருந்து ஒரு கம்பெனி வரும். காலிக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பச்சை வரைபடத்தை நீட்டிவிட்டுப் போகும். அண்ணனால் பொறுக்க முடியாதது அதுதான்.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால்தான் போனில் பேச முடியும். அங்கிருந்து வந்து, என் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, சிக்னலை அளக்கிற வேலையில் இருக்கிறேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை. பரீட்சை எழுதி எழுதியே மேலே வந்தவன் என்பதால் அண்ணன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதிரித் தேர்வு நடத்துவேன்.

அவருக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு வகைக் கேள்வி வந்தால் கை அப்படியே நின்றுவிடும். ஒரு வார்டின் வரைபடம், பெட்டிகளின் இடம், சிக்னல் அளவு. இது போதுமா, போதாதா?

"கட்டில்ல ஆள் இருக்கா இல்லையான்னு போடலையே?" என்பார்.

"அண்ணே, கேள்வியில இல்லாததைக் கேக்காதீங்க."

"கேள்வியில இல்லாததாலதான்டா அந்தம்மா விழுந்தாங்க."

நேரம் முடிந்துவிடும். பாதிக் கேள்விகள் வெற்றாகக் கிடக்கும். போன தடவை தோற்றதும் இப்படித்தான்.

அண்ணி டீயை வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் போகாமல் நின்றார். "அந்தம்மா விழுந்ததுலேருந்து காய்கறிக்காரர்கிட்டகூட இவர் போதும்னு சொல்றதில்ல. நான் பையை இழுத்துக்கிட்டு வர வேண்டியிருக்கு" என்றார். நான் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு காரியம் செய்தார். திறக்காத புது வார்டுக்கு எங்களை வரச் சொன்னார். அண்ணி, அண்ணியின் தம்பி, எங்கள் பிரிவு ஆட்கள், அவர்களோடு வந்தவர்கள். பாதிப் பேரைக் கட்டிலில் படுக்க வைத்தார், மீதிப் பேரைக் கட்டில்களைச் சுற்றி நிற்க வைத்தார்.

"மாமா, எனக்கு என்ன வியாதி?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார் அண்ணியின் தம்பி.

"வாய்தான். பேசாம படு. நீ இப்ப ஒரு தண்ணிக்குடம்."

"குடமில்ல, அண்டா" என்றது பக்கத்துக் கட்டில். வார்டே சிரித்தது.

அண்ணி மூலைக் கட்டிலில் பொத்தானோடு படுத்திருந்தார். அண்ணன் கழிவறைக் கதவைச் சாத்தச் சொன்னார், திறக்கச் சொன்னார். ஆட்களை நெருங்கி நிற்கச் சொன்னார். நான் திரையைப் பார்த்து அளவைச் சத்தமாகப் படித்தேன். கூட்டம் சேரச் சேர அது இறங்கியது, ஆனால் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய அளவைக் காட்டும் கோட்டுக்குக் கீழே போகவில்லை. அண்ணி அழுத்தியபோதெல்லாம் நர்ஸ் மேசையில் மணி அடித்தது.

"இன்னொரு தடவை" என்றார் அண்ணன். பிறகு இன்னொரு தடவை. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. நின்றவர்களுக்குக் கால் கடுத்தது. ஆனாலும் யாரும் உட்காரவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

"நான் எந்திரிக்கலாமாங்க?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் மூச்சு என் காதில் கேட்டது.

"போதும். எந்திரி" என்றார்.

அந்த வாரம் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "எதையாவது விட்டுட்டீங்களா?" என்பதுதான்.

"ஒண்ணும் விடல."

"வார்டு கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு. அவங்க குடுத்த கணக்குக்கு எது சரியோ அதைப் போட்டேன். அங்கதான் யாரும் படுத்திருக்கலையே."

தேறிவிட்டார். அலுவலகத்தில் கைகுலுக்கினார்கள், இனிப்பு கேட்டார்கள். மேலாளர் அன்றே ஒப்புதல் தாளை நீட்டினார். அண்ணன் அதை எடுத்துப்போய், கடைசியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொண்டுவந்தார். நோயாளிகள் சேர்ந்த பிறகு, பார்வையாளர் நேரத்தில் மறுபடி அளக்கும்வரை இந்த ஒப்புதல் தற்காலிகமானது என்பதே அந்த வரி.

மேலாளருக்கு முகம் சுருங்கியது. "இது எதுக்குப்பா? மேல ஆயிரத்தெட்டு கேள்வி கேப்பாங்க. எடுத்துடு."

"எடுத்துடலாம் சார். என் கையெழுத்தையும் சேர்த்து எடுத்துடுங்க."

குரலை உயர்த்தவில்லை. மேலாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அந்தத் தாளில் ஒப்பமிட அங்கே வேறு யாருக்கும் தகுதியில்லை. வரியோடு சேர்த்தே முத்திரை விழுந்தது.

வார்டு நிரம்பிய வாரத்தில், பழக்கூடைகளும் குழந்தைகளும் பேச்சுச் சத்தமுமாக இருந்த ஒரு மாலையில் அளந்தோம். ஜன்னலோரக் கட்டில் ஒன்றில் அளவு கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அத்தனை பேரை நாங்கள் நிறுத்தவில்லை. அந்தக் கட்டிலில் இருந்தவருக்குப் பெரிய குடும்பம்.

அண்ணன் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியை அந்தப் பக்கமாக நகர்த்தி மாட்டினோம். அடுத்த நாளும் அதே கூட்டம் வந்தது, அளவு கோட்டுக்கு மேலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் தாளை வாங்கி, தற்காலிகமானது என்று எழுதிய வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டார்.