அப்பா அத்தையிடம் சொன்னது

எங்கள் குடும்பத்தில் மூக்கைப் போலவே கோபத்துக்கும் வாரிசு உண்டு. மூன்றாம் வகுப்பில் நான் சோற்றுத் தட்டை வீசியெறிந்தபோது, "அப்படியே தாத்தன் ரத்தம்" என்றார்கள். தாத்தாவும் பெரியப்பாவும் சுவரில் மாலையோடு இருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று கேட்டால், "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க சாமி" என்பார் அம்மா. அதையும் ஒரு பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி வேலை. அவர் குரல் கேட்டால் உடன் வேலை செய்பவர்கள் குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவார்கள். ஒருமுறை துளை போடும், விலை அதிகமான சுத்தியல் பாறைக்குள் சிக்கி, என்ன செய்தும் வெளியே வரவில்லை. வீடு திரும்பியவர் கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் புதிது. இரண்டு நாள் சோறும் இல்லை, பேச்சும் இல்லை. மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் கிளம்பிய என் கையைப் பிடித்து, "வா சாமி, அத்தை ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

லீவு கிடைத்த சந்தோஷத்தில் பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தேன். வியர்த்து வழிந்தும் அவர் என் கையை விடவில்லை.

மோகனூரில் அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, எனக்கு மனசு செரியில்லீங்க. அப்பனுக்கும் அண்ணனுக்கும் வந்த சாவு நெனப்பு எனக்கும் வருதுங்க. என்னத் தனியா உடாதீங்க."

அத்தை திட்டவில்லை, அழவில்லை. "வாயத் தொறந்து சொன்னியே சாமி, அது போதும். உள்ள வா" என்றார். அன்று முழுக்க அப்பாவை விட்டு நகரவில்லை. மறுநாள் சேலத்தில் மனநல டாக்டரிடம் தானே கூட்டிப்போனார்.

அப்பா இன்றும் இருக்கிறார், நன்றாகவே கத்துகிறார். சில வருடங்களுக்கு முன் அதே நினைப்பு எனக்கும் வந்தது. டாக்டரிடம் போய், இது ரத்தத்தில் வருமா என்று கேட்டேன். "சுபாவம் கொஞ்சம் வழிவழியா வரலாம்மா. முடிவு அப்படி வராது" என்றார். டாக்டரிடம் போகும் முன்பே நான் அத்தைக்குப் போன் செய்திருந்தேன். என்ன சொல்வது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா சொன்னதையே சொன்னேன். அந்த மனிதருக்கு அன்று எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்தது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

அன்று வாசலில் நின்ற எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரையே நடுங்கவைக்கும் அப்பா இப்படிக் கெஞ்சுகிறாரே என்று, அவர் பிடியிலிருந்து என் கையை உருவிக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.