கை எட்டும் உயரம்

மூன்றாவது தடவை மருந்து ஏற்றி வந்த வாரத்தில் என் மனைவியின் தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. மார்பில் கட்டி என்று தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. மருந்து ஏற்றத் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தோம்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தவள், தலையில் துண்டைச் சுற்றியபடியே சொன்னாள்.

“என்னங்க, பாத்ரூம்ல இருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டிய எடுத்துடுங்க.”

வீடு கட்டியபோது சுவரைக் குடைந்து பதித்த தகரப் பெட்டி அது. கதவில் கண்ணாடி; உள்ளே சோப்பு, எண்ணெய், சீப்பு. அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, கதவு ஒற்றைக் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றச் சொல்லிப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் துருவைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

“கொத்தனார வரச் சொல்றேன். புதுசா ஒண்ணு வச்சுடலாம்.”

“கண்ணாடியே வேணாம். வெறும் தட்டு போதும். கொத்தனாரும் வேணாம். நான் இப்படி இருக்கையில வெளியாள் யாரும் உள்ள வர வேணாங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. “முடி திரும்ப வளந்துடும்னு டாக்டர் சொன்னாங்கல்ல” என்றேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். சுத்தியல் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் மறுநாளே ஆரம்பித்தேன். திருகுகள் அசையவில்லை. விளிம்பு முழுக்க உளி வைத்துத் தட்டித்தான் பெட்டியைப் பெயர்க்க முடிந்தது. செங்கல் தெரிய ஒரு குழி மிஞ்சியது. அதற்குள்ளேயே சிமெண்ட் பூசி, நடுவில் தட்டாகக் கடப்பாக் கல் பதித்தேன். அவள் குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

“இடது பக்கம் சாயுதுங்க.”

“உன் கண்ணுக்குச் சாயுது.”

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது.

ஒரு வாரம் தண்ணீர் தெளித்துப் பூச்சு இறுகியதும் சோப்பு, எண்ணெயெல்லாம் தட்டில் எடுத்து வைத்தேன். “நல்லா இருக்குங்க” என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சோப்பு தரையில், வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்து மேலே வைத்தேன். மறுநாளும் தரையில்தான் கிடந்தது.

“தட்டு இருக்கையில ஏன் கீழ வைக்கிற?”

“கை எட்டலைங்க.”

அறுவை செய்த பக்கத்துக் கையைத் தோள் வரைகூடத் தூக்க வராது. இன்னொரு கையில் ஊசி ஏறி ஏறி நரம்பெல்லாம் கல்லாகி, அதையும் நீட்ட முடியாது. எனக்கு எல்லாம் தெரியும். மாத்திரை நேரம்கூட மனப்பாடம். ஆனால் பழைய பெட்டியே அவளுக்கு எட்டாமல் போய்ப் பல வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“ஏன் சொல்லல?”

“ஆசையா செஞ்சீங்க.”

நான் கொல்லைப் பக்கம் போய்க் கிணற்றடியில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். பிறகு அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, வலிக்காமல் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவுக்குக் கையைத் தூக்கச் சொன்னேன். விரல் நுனி நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். என் இடுப்புக்குச் சற்று மேலேதான் வந்தது. மேல் குழியைச் செங்கல் வைத்து அடைத்தேன். கோட்டுக்குக் கீழே புதிதாகக் குடைந்தேன். உள்ளங்கை கொப்பளித்து, மூன்று நாள் ஆனது. இந்தத் தடவை பூச்சுக்கு அவளே சொம்பில் தண்ணீர் எடுத்துத் தெளித்தாள்.

ஆற்றில் தண்ணீர் வந்து, நடவு முடிந்து, பயிர் பச்சை பிடிக்கும் வரை அந்தத் தட்டிலிருந்து தானே சோப்பு எடுத்துக் குளித்தாள். அதன் பிறகு நோய் முற்றி, எழுந்து நடக்க முடியவில்லை. கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தாள்.

கருமாதிக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். காலையில் குளிக்கப் போனேன். தட்டில் யாருடையதோ ஒரு ரேசர், கிழித்த ஷாம்பு பாக்கெட்டுகள், ஈரமான பல்துலக்கி எல்லாம் கிடந்தன. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வைப்பதற்குத்தானே தட்டு. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் மோட்டாருக்குப் போனேன். அவர்கள் கிளம்பிப் போகும் வரை அங்கேதான் குளித்தேன்.