அத்தை கட்டிய ஈ

என் அத்தைக்கு ஈ கட்டுகிற வேலை என்று வகுப்பில் சொன்னபோது டீச்சரே சிரித்துவிட்டார். அது நிஜ ஈ இல்லை, ஈ மாதிரி கட்டிய தூண்டில் முள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி அதை வெளிநாட்டுக்கு அனுப்பியது. முள்ளை வைஸ் என்ற குட்டி இடுக்கியில் இறுக்கி, மெல்லிய நூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகை அதன்மேல் சுழற்றிக் கட்டினால், இறகின் மயிர்கள் விறைத்து நின்று அசல் ஈயாகவே தெரியும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். குளிர்ந்த ஆறுகளில் திரியும் ட்ரவுட் என்ற மீன் அதைப் பூச்சியென்று நம்பிக் கவ்வுமாம். அத்தை அந்த மீனைப் பார்த்ததில்லை. "நமக்கின்னா, அது ஏமாந்தா சரி" என்பாள்.

மாமாவை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸுக்கு அவள் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லீவுக்கு வந்திருப்பதாக அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமழிசையிலிருந்து மாமா வந்தார். கையில் ஆப்பிளும் மல்லிகைப்பூவும். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கலந்தாள். அத்தை மட்டும் உள் அறையில் ஜன்னலோரம் ஈ கட்டிக்கொண்டே இருந்தாள்.

"எழுந்து வாம்மா, மாப்பிள்ளை வந்துகிறாரு" என்றார் அப்பா.

"கையில நூலு கீதுண்ணா. உட்டா பிரிஞ்சிடும்."

சற்றுப் பொறுத்து அம்மா போய்க் கூப்பிட்டாள். அதே பதில். மாமா வாசலைப் பார்த்தபடி, "ஆட்டோவ நிக்க வெச்சிட்டு வந்துகிறேன். துணிமணிய எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பால் பொங்கும்போது அவள் நூலில் ஒரு துணி கிளிப்பைக் கவ்வவைத்துத் தொங்கவிட்டு அடுப்புக்கு ஓடுவாள். ஒரு சுற்றுகூடப் பிரியாது. பதற்றத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துவந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இத மாட்டிட்டுப் போ அத்தை" என்று நீட்டினேன்.

மாமா திரும்பி உள் அறையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். கோபமில்லை. கிளிப்பை வாங்கி நூலில் மாட்டினாள், கையைப் புடவையில் துடைத்தாள், கூடத்துக்குப் போனாள்.

"நான் வரலை. இன்னிக்கின்னு இல்ல, எப்பவும் வரலை" என்றாள். குரல் உயரவில்லை. கால் கட்டைவிரல் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலை குனிந்தே இருந்தார். காபியில் ஆடை கட்டியது. ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டபோது அத்தை மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஈ பிரியவில்லை. கிளிப் கொண்டுவந்ததற்கு என்னை ஒரு வார்த்தை மெச்சுவாள் என்று காத்திருந்தேன். அவள் இறகைத்தான் தேடினாள்.

அடுத்த ஞாயிறு அப்பா எங்கிருந்தோ ஒரு மேசையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் போட்டார். அது எனக்குத்தான் என்று நினைத்து என் புத்தகங்களையெல்லாம் அதில் அடுக்கினேன். அம்மா வந்து அவற்றை அள்ளித் தரையில் வைத்துவிட்டு அத்தையின் வைஸை மேசைமேல் வைத்ததும், லீவுக்கு வந்தவளுக்கு எதற்கு மேசை என்று அழுதேன்.