கண்ணைத் திறந்து ஜெபித்தவர்

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தறிக்குடோனுக்குள் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். நாலு தறி தள்ளி நிற்பவர் அதைப் பார்த்துப் பதில் சொல்வார். சினிமாக் கதை முழுவதையும் அப்படியே சொல்லி முடிக்கிற ஆட்கள் இருந்தார்கள்.

நான் மட்டும் கத்திப் பேசுவேன். தறிச் சத்தத்தையும் தாண்டி என் குரல் கேட்கும் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. எங்கள் சபையிலும் அதே கதைதான். ஞாயிறு ஆராதனையில் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு மாற்றி நடக்கும் ஜெபக்கூட்டத்தை நடத்துவதும் நான். நான் ஜெபம் பண்ணினால் அடுத்த தெருவில் இருப்பவர்களும் ஆமென் சொல்வார்கள் என்று என் மனைவி கேலி பண்ணுவாள். அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வேறொரு குடோனில் வேலை பார்த்த ஒருவரும் வருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், அதிகம் பேசாதவர், பேசினாலும் ஓரிரு வார்த்தைதான். அவர் மனைவிக்கு வலிப்பு வரும். கோயமுத்தூரில் வைத்தியம் பார்த்தும் நிற்கவில்லை. அவளுக்காக வாரம் தவறாமல் ஜெபித்தோம். வலிப்பும் வாரம் தவறாமல் வந்தது.

அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் இருந்தது. எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது அவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜெபிக்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஜெபிக்கும்போது இடையில் ஓரக்கண்ணால் பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். (ஓரக்கண்ணால் பார்த்த நான் எந்தக் கண்ணை மூடியிருந்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.) ஒரு நாள் பொறுமை போய்விட்டது. அவர் வீட்டிலேயே, அவர் மனைவி பக்கத்தில் இருக்க, பதினைந்து பேர் முன்னால் சொன்னேன்.

"ரெண்டு நிமிசம் கண்ண மூடி ஜெபிக்க முடியாத ஊட்டுல சொகம் எங்கிருந்துங்க வரும்?"

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த வாரத்திலிருந்து கூட்டத்துக்கு வரவில்லை. அவர் மட்டும் வந்தார், அதே திறந்த கண்களோடு. நான் சரியாகத்தான் கண்டித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், என் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று கஷாயம் குடித்தேன். பிறகு பாட்டு எடுக்கும்போது குரல் பாதியில் காணாமல் போனது. கோயமுத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் சின்னக் கட்டி என்றார். பயப்படும்படியான கட்டி இல்லை. "கத்திக் கத்தியே கெடுத்துப்போட்டீங்க" என்றார். ஆபரேஷன் முடிந்ததும் ஒரு மாதத்துக்கு வாயே திறக்கக் கூடாது, ரகசியம் பேசுவதுபோல் பேசினால் இன்னும் கெடுதல் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த ஒரு மாதத்தை எப்படித் தள்ளினேன் என்று எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் பாட்டு எடுத்தார், நன்றாகவே எடுத்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடவுள் மேல் கோபமாக இருந்தேன். உமக்காகத்தானே இந்தக் குரலைச் செலவழித்தேன், இதற்கா கூலி என்று உள்ளுக்குள் சண்டை போட்டேன். சுகம் கேட்டு ஜெபித்தேன். எனக்கும் உடனே கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. வேண்டாம் என்று மனைவியிடம் கையை ஆட்டினேன். முறையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சங்கிலி ஜெபம். வட்டமாகப் பாயில் உட்கார்ந்து, ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடருவார். எனக்கு நேர் எதிரே அந்தக் கண்ணை மூடாத மனிதர்.

என் முறை வந்தது. பக்கத்தில் இருந்தவரைத் தொட்டு அடுத்து ஜெபிக்கச் சொல்லியிருக்கலாம். ஏனோ தொடவில்லை. கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து என் சண்டையைத் தொடர்ந்தேன். வீட்டில் சத்தமே இல்லை.

அப்போது எதிரேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஆண்டவரே, எதுக்கு என்னோட குரல எடுத்தீங்க? எனக்கு அதத் தவுத்து என்ன இருக்குது?"

முறை மாறி ஜெபிக்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அடுத்த வரியில் தெரிந்துவிட்டது, அது என் ஜெபம். நான் உதட்டில் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை பின்னால் அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கண்ணைத் திறந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்ற இறக்கம் இல்லாத, தேவைக்கு அதிகமான சத்தத்தில் வந்த அந்தக் குரல்தான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது. காது கேட்காதவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும். தறிக்குடோனில் வயதானவர்களிடம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் தறிச் சத்தத்தில் நின்று இவருக்குக் காது போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். எங்கள் ஜெபத்தைக் கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி எங்கள் உதடு. அந்த உதட்டைப் பார்க்கிற கண்ணைத்தான் நான் மூடச் சொல்லியிருக்கிறேன்.

என் உதடு நின்றுவிட்டது. அவரும் நிறுத்தினார். பிறகு அவரைப் பார்த்தபடியே, மெதுவாக, சத்தமில்லாமல் சொன்னேன். உங்கள் வீட்டில் நான் சொன்னது பெரிய பாவம், தெரியாமல் சொல்லிவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று.

அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுற்றிலும் இருந்தவர்கள் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்கள். "இது எனக்கு வந்து சேந்துருச்சுங்க ஆண்டவரே, ஆமென்" என்று முடித்துவிட்டார். என் மானத்தை அத்தனை பேர் முன்னாலும் காப்பாற்றினார். நான் அவருக்கு அதைச் செய்யவில்லை.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க எனக்குக் குரல் இல்லை. நான் உதட்டில் சொன்னதை அவர்தான் எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, நேராக என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்து முன்னாலயும் சத்தமாச் சொல்லிப்போட்டு, இப்ப ஊட்டுக்குள்ள வந்து சத்தமில்லாமச் சொல்றீங்களாண்ணா? அன்னைக்குக் கேட்டவங்க அத்தன பேரும் இதையுங் கேக்கோணுமுங்க."

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மாதம் முடிந்து டாக்டர் பேசச் சொன்னபோது பழைய குரல் வரவில்லை. காய்ந்த ஓலையை இழுப்பதுபோல ஒரு கரகரப்புத்தான் வந்தது. பாட்டுக்கு அது ஆகாது. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குரலில், அடுத்த ஜெபக்கூட்டத்தில், அன்று இருந்தவர்கள் எல்லோரையும் வரச் சொல்லி எழுந்து நின்றேன். அவர் காதைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. அந்த வீட்டில் விசுவாசக் குறைச்சல் எதுவும் இருந்ததில்லை, குறை என்னிடம் இருந்தது, நான் பேசியது பாவம் என்று மட்டும் சொன்னேன். குரல் மூன்று முறை உடைந்தது. மெதுவாகப் பேசினால்தான் வார்த்தை வெளியே வந்தது, அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினேன். அந்தப் பெண் வாசல் பக்கம் உட்கார்ந்து கேட்டாள். அடுத்த வாரமும் வந்தாள். வலிப்பு அதற்குப் பிறகும் வந்தது. வந்தால் நாங்கள் காரணம் தேடுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம்.

என் குரல் நன்றாக இருந்த வருஷங்களில் என் ஜெபத்தை நான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. இன்றைக்கும் ஜெபக்கூட்டத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. வட்டத்தில் யாருடைய உதடாவது சத்தமில்லாமல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.