எத்தனை தடவை மோதும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் நட்சத்திர மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலக்கின்றன என்று படித்தேன். நம் மண்டலத்தை நோக்கியும் பக்கத்து மண்டலம் ஒன்று வந்துகொண்டிருக்கிறதாம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்; அச்சில் வந்தால் நம்பிவிடுவேன். பாதிக்கு மேல் படிக்கத் துணிச்சல் வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. அந்த வாரம் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே பெட்டி தூக்கினேன். மழை வராது என்று கூட வேலை செய்தவர்கள் தைரியம் சொன்னார்கள்.

நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடை ஒன்றில் இருந்தாள். அவர்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். முதலில் இருவரும் சேர்ந்து அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போடுவது, வீடு வந்ததும் கல்யாணம். அதுதான் அப்போது வழக்கம். விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட்டு மூன்று வாரமாகியிருந்தது. நான் போடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால், அவள் அப்பா தங்கள் தேவாலயப் பங்கிலேயே பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவதாகச் சாதாரணமாகச் சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை குவீன்ஸ்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்திரிகையை அவளிடம் காட்டினேன்.

"இது எத்தனை நாளைக்கு ஒரு தடவை நடக்கும்?" என்று கேட்டாள்.

"அது நான் படிக்காத பாதியில இருக்கும்."

வாங்கி மீதியைப் படித்தாள். சின்னது பெரியதில் போய்ச் சேர்வது அடிக்கடி உண்டாம். பெரியதும் பெரியதும் மோதுவது ஒரு மண்டலத்தின் ஆயுளில் ஒன்றிரண்டு தடவை நடந்தால் அதிகம். நம்முடையதற்கு இன்னும் சில நூறு கோடி ஆண்டுகள் இருந்தன.

"அதுக்குள்ள வீடு கிடைச்சிடும் லா."

"கடைசியில எது மிஞ்சும்? அதுவா, இதுவா?"

விரலை வைத்து வரியைத் தேடினாள். "ரெண்டும் பழையபடி இருக்காதாம். சேர்ந்து வேற ஒண்ணா ஆயிடுமாம். ஆனா நட்சத்திரமெல்லாம் இடிச்சுக்காதாம். நடுவுல அவ்வளவு இடம் இருக்காம்."

"நமக்கு மூணு ரூம்தான்."

"உங்கம்மாவும் எங்கப்பாவும் அதுல இருக்கப் போறதில்ல. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பேனா அவளுடையது.

அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். வேதக்காரப் பெண் என்றதற்கு நிமிரவே இல்லை. நீரை வடித்துவிட்டு, அவர்களுக்கு ஊர்ப்பக்கம் எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் நான் கவலைப்பட மறந்த ஒரே விஷயம் அதுதான்.